புனேயிலிருந்து எம்சிஎஃப்-7, கேபி செல்கள் வருகின்றன. வந்த அன்று என்ன செய்ய வேண்டும்?

கயல்_திருச்சி:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு கல்லூரியில் பிஎச்டி இரண்டாம் வருடம் படிக்கிறேன். நொச்சி இலைச் சாற்றைப் புற்றுநோய் செல்களில் சோதிப்பதுதான் என் வேலை. மார்பகப் புற்றுநோய்க்கு எம்சிஎஃப்-7, வாய்ப் புற்றுநோய்க்கு கேபி என்று கைடு முடிவு செய்திருக்கிறார். புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம் தயார்.

எங்கள் துறையில் இதுவரை யாரும் செல் வளர்த்ததில்லை. கல்லூரியின் பொது ஆய்வகத்தில் கிருமி புகாமல் வேலை செய்ய ஒரு ஹூட்டும் ஒரு கார்பன் டைஆக்சைடு இன்குபேட்டரும் இருக்கின்றன. இன்னும் இரண்டு குழுக்கள் அதையே பயன்படுத்துகிறார்கள், நோட்டில் பெயர் எழுதித்தான் நேரம் வாங்க வேண்டும். திரவ நைட்ரஜன் கேன் விலங்கியல் துறையில் இருக்கிறது.

செல் வளரும் பிளாஸ்க்காக வந்தால் நல்லதா, உறைந்த வைலாக (சின்னக் குப்பி) வந்தால் நல்லதா? எந்த நாளில் அனுப்பச் சொல்ல வேண்டும்? பார்சலைத் திறந்ததும் முதலில் என்ன செய்வது? டாக்டரல் கமிட்டி அடுத்த மாதம். செல் வந்த வாரமே எம்டிடி (உயிருள்ள செல் எவ்வளவு என்று நிறத்தை வைத்துக் காட்டும் சோதனை) போட்டுவிட்டு, அடுத்து கேஸ்பேஸ்-3 (செல் தன்னைத் தானே சாகடித்துக்கொள்ளும்போது வேலை செய்யும் என்சைம்), டிஎன்ஏ லேடரிங் (அப்போது துண்டாகும் டிஎன்ஏ ஏணி போலத் தெரிவது) எடுக்கலாம் என்கிறார் கைடு. அது முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

சுகந்தி_செல்கல்ச்சர்:

கயல், நான் சென்னையில் பல துறைகளுக்குப் பொதுவான ஒரு செல் வளர்ப்புக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வந்த வாரம் எம்டிடி வேண்டாம். முதலில் செல்லைப் பெருக்கி, உறைய வைத்து, சேமிப்பு போடுங்கள். அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு வைலை எடுத்து உருக்கி, அது உயிரோடு வளர்கிறது என்று பார்த்த பிறகுதான் சோதனை. எனக்கு இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது. ஒரே ஒரு பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு சோதனை தொடங்கும் மாணவர், ஒரு பூஞ்சை வந்தால் புனேக்கு மறுபடி கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதை எங்கள் கூடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது.

கணக்கு இப்படித்தான் வரும். வரும் டி-25 (25 சதுர செ.மீ. தரை உள்ள) பிளாஸ்க் முக்கால்வாசி நிரம்பியதும் அதை ஒரு டி-75-க்கு மாற்றுங்கள். அது நிரம்பியதும் மூன்று டி-75. அதில் இரண்டை உறைய வைத்தால், வைலுக்குப் பத்து லட்சம் செல் வீதம் பத்து வைல் தாராளமாக வரும். மூன்றாவது பிளாஸ்க் ஓடிக்கொண்டிருக்கட்டும். எம்சிஎஃப்-7 நிதானமாக வளரும் செல், இரட்டிப்பாக ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். ஆக இந்த வேலைக்கே இரண்டு மூன்று வாரம் போய்விடும். கமிட்டியில் சேமிப்புப் பட்டியலையும் செல்லின் படங்களையும் காட்டுங்கள். விஷயம் தெரிந்தவர்கள் அதை மதிப்பார்கள்.

பிளாஸ்க்கா வைலா என்பது நம் விருப்பம் மட்டும் இல்லை, அனுப்புகிறவர்களின் முறையும் கையிருப்பும் சேர்ந்தது. எந்த வடிவில் வரும், எந்த மீடியத்தில் (செல்லுக்கு உணவான திரவம்) வளர்த்தார்கள், பாசேஜ் எண் (எத்தனை முறை வேறு பிளாஸ்க்குக்கு மாற்றினார்கள்) என்ன என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் முறை வளர்ப்பவருக்கு வளரும் பிளாஸ்க் நல்லது. செல் ஒட்டியிருக்கிறதா, எப்படி இருக்கிறது என்று வந்த உடனே கண்ணால் பார்த்துவிடலாம். உறைந்த வைல் என்றால் உலர் பனிக்கட்டியில் வரும். அதற்கு மைனஸ் 78 டிகிரிதான். வந்த உடனே உருக்க வேண்டும், அல்லது நேராக நைட்ரஜன் கேனுக்குள் போக வேண்டும். "திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று சாதாரண ஃப்ரீசரில் வைத்தால் செல் செத்துவிடும்.

நாள் விஷயம்: திங்கள் அல்லது செவ்வாய் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கூடவே கூடாது. நம் ஊர்ப் பொங்கல், தீபாவளியைப் பார்ப்பது போலப் புனேயின் விநாயகர் சதுர்த்தி நாட்களையும் பாருங்கள், அங்கே அது பத்து நாள் திருவிழா. ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். குளிரை செல் ஓரளவு தாங்கிவிடும், சூட்டைத் தாங்காது. மே மாத மதியம் திருச்சியில் கூரியர் குடோனுக்குள் கிடக்கும் பெட்டி நாற்பது டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அனுப்பிய அன்றே டிராக்கிங் எண்ணை வாங்கி, வந்ததும் நீங்களே போய் எடுத்துவிடுங்கள். கல்லூரி அலுவலகத் தபால் மேசையில் அது தூங்கக் கூடாது.

இனி பெட்டியைத் திறப்பது. பிளாஸ்க் கழுத்துவரை மீடியம் நிரம்பி, மூடி இறுக்கி, பாராஃபில்ம் சுற்றி இருக்கும். பயப்படாதீர்கள், வேண்டுமென்றேதான் அப்படி நிரப்புகிறார்கள். உள்ளே காற்று இருந்தால் வண்டி ஆட்டத்தில் மீடியம் அலசி அலசி செல்லைப் பெயர்த்துவிடும். மூடியைத் திறக்காமல் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கலங்கல் இருக்கிறதா? நிறம் மஞ்சளாகப் போயிருக்கிறதா? கலங்கலும் மஞ்சளும் சேர்ந்து இருந்தால் பாக்டீரியா என்று சந்தேகப்படுங்கள். தெளிவாக இருந்து லேசாக மஞ்சளடித்திருந்தால், வழியில் செல் சாப்பிட்டுச் சாப்பிட்டு அமிலமாகியிருக்கும், அவ்வளவுதான். 70 சதவீத ஆல்கஹாலால் வெளிப்புறம் துடைத்து, இன்வெர்ட்டட் மைக்ராஸ்கோப்பில் முதலில் 4 எக்ஸ், அப்புறம் 10 எக்ஸ் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எம்சிஎஃப்-7 தனித்தனியாகப் பரவாது, தீவு தீவாகக் கூட்டம் கூடி வளரும். நெருக்கம் அதிகமானால் தரையிலிருந்து குமிழ் போல மேலெழும்பும் இடங்கள் தெரியும். சில செல்கள் மிதப்பதும் அதற்கு வழக்கம்தான்.

பெரும்பாலான செல் ஒட்டியிருந்தால், ஹூட்டுக்குள் 5 மில்லி மட்டும் விட்டுவிட்டு மீதி மீடியத்தை எடுத்து ஒரு ஸ்டெரைல் குழாயில் பத்திரப்படுத்துங்கள். அதைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த மாற்றத்தில் அதில் பாதி, உங்கள் புது மீடியம் பாதி என்று கலந்து கொடுத்தால் செல் புது இடத்துக்குப் பழகும். ஃபில்டர் இல்லாத சாதா மூடி என்றால் கால் சுற்று தளர்த்தி இன்குபேட்டரில் வையுங்கள், இல்லாவிட்டால் கார்பன் டைஆக்சைடு உள்ளே போகாது. நிறைய செல் பெயர்ந்து மிதக்கிறதா? அது சாவு என்று முடிவு கட்டாதீர்கள். எல்லாவற்றையும் குழாயில் எடுத்து, சென்ட்ரிஃப்யூஜில் 125 ஜி அளவில் ஐந்து நிமிடம் சுற்றி, வந்த மீடியத்திலேயே கரைத்து, டிரைபான் ப்ளூ போட்டு எண்ணுங்கள். நீலம் ஏறாதவை உயிருள்ளவை. அவற்றைப் புது டி-25-இல் போட்டால் மறுநாள் ஒட்டிவிடும்.

பொது இன்குபேட்டர் என்பதால் இன்னொன்று. சந்தையில் வாங்கிய புது மாட்டைத் தொழுவத்தில் மற்ற மாடுகளோடு உடனே கட்டமாட்டோம், இல்லையா? அது போலத்தான் புது செல்லும். தனித் தட்டில் வையுங்கள், உங்கள் மீடிய பாட்டிலை யாரோடும் பகிராதீர்கள், ஹூட்டில் அன்றைய கடைசி வேலையாக அதைத் தொடுங்கள். காரணம் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. அது மீடியத்தைக் கலங்க வைக்காது, நம் மைக்ராஸ்கோப்பில் தெரியாது, 0.2 மைக்ரான் ஃபில்டரில்கூட நுழைந்து வந்துவிடும். செல் சுவரே இல்லாததால் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் செல்லின் வளர்ச்சியை மாற்றி உங்கள் எம்டிடி எண்களையே பொய்யாக்கிவிடும். ஆன்டிபயாடிக் இல்லாமல் சில நாள் வளர்த்து, மீடியத்தை எடுத்து பிசிஆர் செய்யுங்கள். வசதி இல்லையென்றால் டிஎன்ஏவில் ஒட்டி மின்னும் ஹோக்ஸ்ட் சாயம் போட்டு ஃபுளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நியூக்ளியஸுக்கு வெளியே புள்ளி புள்ளியாக மின்னினால் அந்த பிளாஸ்க்கை ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிடுங்கள். மற்ற இரண்டு குழுக்களின் செல்லையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

இளங்கோ_பெங்களூரு:

சுகந்தி அக்கா சொன்னதற்கு மேல் செல் கையாளுவதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கவலையெல்லாம் கயல் எழுதிய கடிதத்தைப் பற்றித்தான். கடிதம் இன்னும் போகவில்லையென்றால் நிறுத்துங்கள்.

கேபி வாய்ப் புற்றுநோய் செல் அல்ல, அது ஹீலா. 1950-களில் வாய்ப் பகுதிக் கட்டி என்ற பெயரில் வளர்க்கத் தொடங்கினார்கள், பின்னால் பார்த்தால் ஹீலா உள்ளே புகுந்து மொத்தத்தையும் பிடித்திருந்தது. ஹீலா 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து வந்தது. அவ்வளவு வேகமாக வளர்வதால் ஒரு துளி தவறிப் போனாலும் பக்கத்து பிளாஸ்க்கை விழுங்கிவிடும். 1960-களிலேயே ஸ்டான்லி கார்ட்லர் ஜி6பிடி என்சைம் வகையை வைத்து இதைக் காட்டினார். வெவ்வேறு திசு என்று சொல்லப்பட்ட பல செல் லைன்களில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகைகள்) ஹீலாவுக்கு உரிய அதே வகைதான் இருந்தது. கேபி மட்டுமல்ல, ஹெப்-2, சாங் லிவர், ஐஎன்டி-407 எல்லாம் இதே கதைதான். ஐசிஎல்ஏசி என்ற சர்வதேசக் குழு இப்படித் தவறாக அடையாளம் காணப்பட்ட செல் லைன்களின் பதிவேட்டை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எந்த செல்லை ஆர்டர் செய்யுமுன்னும் அதில் தேடுங்கள், ஐந்து நிமிட வேலை. நம் நாட்டில் இன்றும் கேபியை வாய்ப் புற்றுநோய் என்று எழுதும் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் தீசிஸ் அதில் ஒன்றாக வேண்டாம். நாக்குப் புற்றுநோயிலிருந்து வந்த கால்-27, எஸ்சிசி-9 போன்றவை கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

இரண்டாவது, எம்சிஎஃப்-7-இல் கேஸ்பேஸ்-3. அந்த ஜீனில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதால் எம்சிஎஃப்-7 வேலை செய்யும் கேஸ்பேஸ்-3-ஐத் தயாரிப்பதே இல்லை. இது 1998-லேயே வெளியான விஷயம். டிஎன்ஏ லேடரிங்கும் அதனால்தான் ஏணி ஏணியாகத் தெளிவாக வராது. செல் அப்போப்டோசிஸில்தான் (தன்னைத் தானே சாகடித்துக்கொள்வது) சாகும், ஆனால் வேறு வழியில். அந்தச் சாவைக் காட்டும் கேஸ்பேஸ்-7, பார்ப் புரத வெட்டு, அனெக்சின் வி சோதனைகளை எடுங்கள். கேஸ்பேஸ்-3 உங்கள் தலைப்பிலேயே இருந்தால் செல்லை மாற்றுங்கள்.

கயல்_திருச்சி:

அக்கா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. கடிதம் நல்லவேளை கைடு மேசையில்தான் இருக்கிறது. பதிவேட்டில் இப்போதே தேடினேன், கேபி முன்னால் நிற்கிறது. அதைப் பிரின்ட் எடுத்து நாளை கைடிடம் காட்டுகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். உறைய வைக்கும் முறையைச் சொல்லுங்கள் அக்கா. எங்கள் பொது ஆய்வகத்தில் மைனஸ் 80 ஃப்ரீசர் இருக்கிறது. வைல்களை அதிலேயே வைத்துக்கொண்டால் போதாதா? விலங்கியல் துறைக்கு ஒவ்வொரு முறையும் போய் நிற்பது கஷ்டமாக இருக்கிறது. அப்புறம், செல் சரியான செல்தானா என்று நாங்களே எப்படி உறுதி செய்வது?

சுகந்தி_செல்கல்ச்சர்:

மைனஸ் 80 ஒரு இரவு தங்கும் இடம் மட்டும்தான் கயல். அந்த வெப்பநிலையில் செல் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டே இருக்கும். மின்வெட்டு வந்தால் இன்னும் மோசம். மைனஸ் 196-இல் இருக்கும் நைட்ரஜனில்தான் வருடக்கணக்கில் தாங்கும். விலங்கியல் துறையோடு இப்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். எத்தனாவது கேனிஸ்டர் உங்களுக்கு, யார் நைட்ரஜன் நிரப்புவது, செலவில் உங்கள் பங்கு எவ்வளவு, எல்லாம் எழுதி இருக்கட்டும். கேனுக்குள் மரக்குச்சி விட்டு எடுத்தால் பனி படிந்த உயரம்தான் நைட்ரஜன் மட்டம். வாரம் ஒருமுறை அதை நீங்களே பாருங்கள், யாராவது பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

உறைய வைப்பது எப்படியென்றால், பிளாஸ்க் எழுபது எண்பது சதவீதம் நிரம்பி, செல் நன்றாகப் பெருகிக்கொண்டிருக்கும்போது எடுங்கள். மீடியத்தில் உள்ள சீரம், செல்லைப் பெயர்க்கும் டிரிப்சின் என்சைமைத் தடுக்கும், அதனால் முதலில் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவுங்கள். டிரிப்சின் விட்டபின் பிளாஸ்க்கைத் தட்டாதீர்கள், எம்சிஎஃப்-7 கட்டி கட்டியாகப் பெயரும். சுற்றி எடுத்த செல்லை 90 சதவீத எஃப்பிஎஸ் (கன்றுக் கருவின் சீரம்), 10 சதவீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் கரைப்பான்) கலவையில் கரையுங்கள். டிஎம்எஸ்ஓ கலந்த பிறகு மேசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது, அறை வெப்பத்தில் அது செல்லுக்கு நஞ்சு. ஐசோபுரோபனால் ஊற்றிய உறைவுப் பெட்டியில் வைல்களை அடுக்கி மைனஸ் 80-இல் ஓர் இரவு. நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரும். அந்த ஐசோபுரோபனாலை ஐந்து முறைக்கு ஒருமுறை மாற்றுங்கள். மறுநாள் நைட்ரஜனுக்கு. வைலில் செல் பெயர், பாசேஜ் எண், தேதி, உங்கள் இனிஷியல் நான்கும் இருக்க வேண்டும், நைட்ரஜனில் உரியாத லேபிளில்.

உருக்கும்போது வேகம் வேண்டும். முகக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள், நைட்ரஜன் உள்ளே புகுந்த வைல் சூடு பட்டால் வெடிக்கும். 37 டிகிரித் தண்ணீரில் மூடி நனையாமல் பிடித்து, உள்ளே ஒரு சின்னப் பனித்துண்டு மிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான மீடியத்தில் துளித்துளியாக விட்டுச் சுற்றி, டிஎம்எஸ்ஓவை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

அடையாளத்துக்கு எஸ்டிஆர் சோதனைதான், அதாவது செல்லின் டிஎன்ஏ கைரேகை எடுப்பது. செல் அனுப்பும் இடத்திலேயே எஸ்டிஆர் விவரம் தருவார்களா என்று ஆர்டரோடு கேளுங்கள். உங்கள் சேமிப்பிலிருந்து ஒரு வைலை வெளியே அனுப்பிச் செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். பல புற்றுநோய் இதழ்கள் இப்போது இது இல்லாமல் கட்டுரையை எடுப்பதில்லை. முதல் சேமிப்பு போட்ட கையோடு செய்துவிடுங்கள், கட்டுரை எழுதும்போது அல்ல.

இளங்கோ_பெங்களூரு:

ஒரு வரி சேர்க்கிறேன். எம்சிஎஃப்-7 ஈஸ்ட்ரோஜனுக்குப் பதில் கொடுக்கும் செல். மீடியத்தில் இருக்கும் ஃபீனால் ரெட் சாயமே லேசாக ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும், தாவரச் சாற்றிலும் அப்படிப்பட்ட பொருள்கள் இருக்கலாம். நொச்சிச் சாறு குறைந்த அளவில் செல்லை வளர வைப்பது போலத் தெரிந்தால் ஃபீனால் ரெட் இல்லாத மீடியத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். சாற்றை டிஎம்எஸ்ஓவில்தான் கரைப்பீர்கள் என்று நினைக்கிறேன். சோதனைத் தட்டின் கிணற்றில் (சின்னக் குழி) அதன் கடைசி அளவு அரை சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட கிணறுகளும் ஒவ்வொரு தட்டிலும் இருக்கட்டும். செல் இல்லாமல் சாறும் எம்டிடியும் மட்டும் போட்ட கிணறுகளும் வையுங்கள். சில இலைச் சாறுகள் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதா ஆக்கிவிடும்.

கயல்_திருச்சி:

கைடிடம் பேசிவிட்டேன். பதிவேட்டுப் பக்கத்தைப் பார்த்ததும் கேபியை எடுத்துவிட ஒப்புக்கொண்டார். எம்சிஎஃப்-7 மட்டும் இப்போது ஆர்டர், எஸ்சிசி-9 கிடைக்குமா என்று தனியாகக் கேட்டு எழுதுகிறோம். கேஸ்பேஸ்-7-க்கு ஆன்டிபாடி விலை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். கமிட்டியில் சேமிப்பு மட்டும் காட்டுவதற்குத்தான் இன்னும் தயங்குகிறார். இந்தத் திரியை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.