செங்கோட்டை சொந்தங்கள்: ஆச்சி கை வீக்கம்

செல்வி சித்தி: ஆச்சிக்கு வலது கை நேத்துல இருந்து வீங்கிக் கிடக்கு. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏத்த மேல்கையில குழாய் வச்சிருக்காங்கல்லா, அந்தக் கைதான்.

கணபதி மாமா: ஊசி போட்ட நீரா இருக்கும். தைலம் போட்டு உருவி விடு தாயி.

கார்த்திகா: மாமா, உருவவே கூடாது. சித்தி, கையைத் தேய்க்காதீங்க, ஒத்தடமும் வேண்டாம். வளையலைக் கழட்டிருங்க. குழாய் வச்ச கை வீங்குனா ரத்தக்கட்டு இருக்கான்னுதான் முதல்ல பாக்கணும். அந்த ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்கா?

செல்வி சித்தி: அதெல்லாம் இல்ல. தோள் கனக்குன்னு சொல்லுதாவ. மார்புல நீல நரம்பு புடைச்சுத் தெரியுது.

கார்த்திகா: அப்போ இன்னைக்கே டாப்ளர் ஸ்கேன், அதான் ரத்த ஓட்டத்தைக் காட்டுற ஸ்கேன், எடுக்கணும். கீமோ டாக்டருக்கு இப்பவே போன் போடுங்க.

முத்து அண்ணன்: ரத்தக்கட்டு கால்ல தானம்மா வரும்?

கார்த்திகா: அதிகம் கால்லதான் அண்ணே. கையில வாரது நூத்துக்குப் பத்துக்குள்ளதான். ஆனா குழாய், பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கும் புற்றுநோய் உள்ளவங்களுக்கும் கையில வரும். ஆச்சிக்குக் குழாயும் இருக்கு, புற்றுநோயும் இருக்கு.

செல்வி சித்தி: ஸ்கேன் வலிக்குமா? வெறும் வயித்துல போணுமா?

கார்த்திகா: சாப்பிட்டே போகலாம். ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. ஸ்கேன் எடுக்கற நாங்க ஜெல் தடவி, கருவியால ரத்த நரம்பை லேசா அமுக்கிப் பாப்போம். நல்ல நரம்பு அமுக்குனா சப்பையாயிரும். உள்ள ரத்தக்கட்டு இருந்தா அமுங்காது. மேல்கை, அக்குள், கழுத்துன்னு கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் பாக்கணும்.
காறை எலும்புக்கு, அதான் கழுத்துக்குக் கீழ குறுக்க இருக்கற எலும்புக்கு, அடியில போற பெரிய நரம்புலதான் சிக்கல். எலும்பு மறைக்கும், அமுக்கவும் முடியாது. அங்க கலர் டாப்ளர்ல ரத்த ஓட்டத்தைத்தான் பாக்கணும். ஆச்சியை மூக்கை உறிஞ்சச் சொல்லுவாங்க, அப்போ நரம்பு சுருங்கணும். மூச்சுக்குத் தக்க ஓட்டமும் மாறணும். மாறலைன்னா இதயத்துக்குப் போற வழியில எங்கயோ அடைப்பு இருக்கலாம்னு அர்த்தம்.
சித்தி, இதை மட்டும் மறக்காதீங்க. ரிப்போர்ட் நார்மல்னு வந்தா, காறை எலும்புப் பக்கமும் கழுத்தும் பாத்தாச்சான்னு கேளுங்க. இடது கையோட ஒப்பிடச் சொல்லுங்க. அப்புறமும் சந்தேகம்னா சிடி ஸ்கேன் எடுக்கலாம்.

கணபதி மாமா: புனலூருக்கு வண்டி எடுக்கவா, தென்காசிக்கா?

கார்த்திகா: தென்காசியே போதும் மாமா. மலை ஏறி இறங்கி நேரம் போக்க வேண்டாம். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஃபைலையும் கடைசி ரத்த டெஸ்டையும் எடுத்துக்கோங்க. கீமோவுல ரத்தத்தை உறைய வைக்கற தட்டணு குறைஞ்சிருக்கும், அதைப் பாத்துதான் ரத்தக்கட்டு மருந்து அளவு சொல்லுவாங்க. அந்தக் கையில பிரஷர் பாக்க விடாதீங்க.

(மாலை)

செல்வி சித்தி: நீ சொன்ன மாதிரியே கேட்டேன். அக்குள்ல இருந்து காறை எலும்பு வரைக்கும் ரத்தக்கட்டாம். அட்மிட் பண்ணிட்டாங்க. அதுக்கு வயித்துல ஊசி போட்டிருக்கு. குழாயை எடுத்துருவாங்களா?

கார்த்திகா: நல்லா வேலை செஞ்சு கீமோவுக்கும் வேணும்னா, குழாயை வச்சுக்கிட்டே மருந்து குடுக்கறது உண்டு. டாக்டர் முடிவு பண்ணட்டும். ரத்தம் உறையாம இருக்கற மருந்து குறைஞ்சது 3 மாசம் ஓடும், குழாய் இருந்தா அதுக்கு மேலயும். நடுவுல நிறுத்திராதீங்க. ஈறுல ரத்தம் வந்தாலோ, மலம் கருப்பா போனாலோ உடனே சொல்லுங்க.

கணபதி மாமா: ராத்திரி நான் ஆச்சிகூட இருக்கேன். செல்வி, நீ வீட்டுக்குப் போயி தூங்கு.

கார்த்திகா: சரி மாமா. மூச்சு வாங்குச்சுன்னா விடியட்டும்னு இருக்காதீங்க, நர்ஸை எழுப்பிருங்க.