பொருள்: மறுமொழி: ‘அனுசேபப்பொருட் கோலம்’ – கையேட்டுக்குச் சொல்

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம்.

மட்டக்களப்பில் பற்றரி திருத்துவோருக்கும் ரேடியேற்றருக்குப் பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகம்) வைப்போருக்கும் நடக்கவுள்ள வகுப்பின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சிறுநீரிலோ குருதியிலோ உள்ள சிறு மூலக்கூறுகள் பலவற்றைத் திணிவு நிறமாலைமானியால் ஒருங்கே அளந்து, வேலைத்தலத்து நச்சு உலோகம் உடலில் ஏற்படுத்திய மாற்றத்தை அறியும் முறைக்கு ‘அனுசேபப்பொருட் கோலம்’ என்று எழுதியிருந்தேன். அனுசேபம் என்பது உடலுக்குள் நடக்கும் வேதி மாற்றங்கள் (metabolism), அவற்றில் விளைபவை அனுசேபப்பொருள்கள், அவற்றின் மொத்த நிலையே கோலம். அதன்மீது வந்த மடல்கள் அனைத்தையும் வாசித்தேன்.

அனுசேபத்துக்குப் பதிலாக ‘வளர்சிதைமாற்றம்’ என்றே எழுதவேண்டும் என்ற சென்னை அம்மையாரின் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் இங்கே உயர்தர உயிரியல் படித்த பிள்ளை அனுசேபம், அதன் இரு பகுதிகளாகிய உட்சேபம் (பொருள்களைக் கட்டுதல்), அவசேபம் (உடைத்தல்) என்றே படித்திருக்கிறது. அந்தப் பிள்ளைதான் வீட்டில் தகப்பனுக்குக் கையேட்டை வாசித்துக் காட்டப்போகிறது. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்திய வடசொல்லுக்குத் தொல்காப்பியர் எச்சவியலில் இடங்கொடுத்திருக்க, ‘க்ஷேபம்’ சேபமாகிப் பாடநூலில் நிலைத்த பிறகு அதனைத் துரத்துவானேன்? அனுசேபப்பொருளுக்கு ‘அனுசேபி’ என்ற சுருக்கத்தை மட்டும் ஏற்க மாட்டேன். ஊக்கி, கடத்தி என்பவற்றில் வரும் ‘இ’ செய்வதைக் குறிக்கிறது. நாம் அளப்பவையோ செயலால் விளைந்தவை.

என் கவலை வேறு. ‘ஈயத்தின் அனுசேபப்பொருள்’ என்று திருத்தும்படி ஒருவர் எழுதியிருந்தார். அது பிழையான அறிவைக் கொடுக்கும். ஈயம் ஒரு மூலகம், உடல் அதனை உடைப்பதில்லை. குருதிக்கு வேண்டிய ஈம் (heme) என்ற பொருள் தொகுக்கப்படும் வழியில் ஒரு நொதியத்தை அது தடுப்பதால், அமினோலெவுலினிக் அமிலம் தேங்கிச் சிறுநீரில் மிகுகிறது. அந்த அமிலம் நம் உடலின் பொருளே. ஆசனிக்கின் நிலை வேறு: உடல் அதனோடு மெதைல் என்னும் அணுக்கூட்டங்களைச் சேர்த்து வெளியேற்றுவதால், அங்கே ‘ஆசனிக்கின் அனுசேபப்பொருள்’ என்பது பொருந்தும். எல்லா உலோகத்துக்கும் பொதுவாக எழுதும்போது ‘உடலின்’ என்ற சொல் விடுபடக்கூடாது.

ஈயத்துக்கு ஆளாவதைக் (exposure) குறிக்க இருந்த ‘ஈய வெளிப்பாடு’ என்பதையும் நீக்கிவிட்டேன். ஈயம் உடலிலிருந்து வெளியே வருகிறது என்றே ஒரு தொழிலாளி அதைப் புரிந்துகொள்வார், கருத்தே தலைகீழாகிவிடும். வெயில் படுகிறது, தூசி படுகிறது என்று நாம் சொல்வதுபோல ‘ஈயம் படுதல்’ என்று எழுதினால் என்ன?

*

காரைதீவிலிருந்து எழுதுகிறேன்.

தங்கச்சி, ‘இ’ விகுதி செய்பவனை மட்டும் குறிக்கும் என்பது சரியன்று. ஊருணி என்பது ஊரால் உண்ணப்படும் நீர்நிலை, அது செயப்படுபொருள். அலர்வதாகிய அலரி வினைமுதல், மண்ணை வெட்ட உதவும் மண்வெட்டி கருவி. ஆகவே ‘அனுசேபி’ இலக்கணத்துக்கு விரோதமில்லை. 1936 இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் இது. சொல் சுருங்கி நின்றால்தான் மேலும் சொற்களை ஈனும் என்பது என் உறுதியான எண்ணம்.

‘கோலம்’ நன்று. ‘அவன் இருக்கிற கோலத்தைப் பார்’ என்று மெலிந்தவனைக் கண்டு நம் சனங்கள் சொல்வதில் உடலின் நிலை முழுவதும் அடங்குகிறது.

‘படுதல்’ மட்டும் வேண்டாம். எங்கள் கரையில் வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பவர்கள் வீட்டு முற்றத்திலேயே ஈயத்தை உருக்குகிறார்கள். ‘படும்’ என்றால் கையைக் கழுவினால் போய்விடும் என்று நினைப்பார்கள். புகையாகவும் தூசியாகவும் மூச்சோடு போய், கையிலிருந்து சோற்றோடும் போய், பல பத்தாண்டுகள் எலும்பில் தங்குவதை அந்தச் சொல் காட்டவில்லை. நஞ்சு ஏறுகிறது என்கிறோம். ‘ஈயம் ஏறுதல்’ என்று எழுதுங்கள்.

*

ஐயா, ஊருணியை ஒப்புக்கொள்கிறேன். என் காரணம் பிழை. ஆனாலும் வகுப்பில் ‘பொருள்’ என்ற சொல் கேட்பவருக்குப் பிடி கொடுக்கும் என்பதால், ஐவர் ஆதரித்த ‘உடலின் அனுசேபப்பொருட் கோலம்’ என்பதையே அச்சுக்கு அனுப்புகிறேன். ‘ஏறுதல்’ என்பதில் என் மனம் இன்னும் ஒப்பவில்லை. ஈயத்தின் அருகில் வேலை செய்கிறவர் எல்லாருக்கும் அது ஏறிவிட்டதா என்பதை அறியத்தானே இந்தச் சோதனை? ஏறியதென்று பெயரிலேயே சொல்லிவிட்டால், வருமுன் காப்பதற்குரிய சொல் நம்மிடம் இல்லாமற் போகும். முதற் பக்கத்தில் ‘ஈயம் படுதல்’ என்று வைத்து, அது மூச்சாலும் வாயாலும் உடலுக்குள் ஏறும் வழிகளை அடுத்த வரியிலேயே விளக்கியிருக்கிறேன். வியாழன் மாலைக்குள் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் மாற்றுவேன்.