ரோடு பைக்குக்கு (ரேஸ் சைக்கிளுக்கு) புது வீல்செட்: டெல்டா சாலைக்கு எது சரி?
(ஒருத்தரோட கேள்வியும் மத்தவங்க பதிலும்; மேலே இருக்கிறது பேசுறவங்க ஊர்)

மயிலாடுதுறை
அலுமினிய ஃபிரேம், ரிம் பிரேக் (பேட் ரிம்மையே பிடிக்கிறது), ஷிமானோ 105 கியர் செட், பின்னாடி 11 கியர். கூட வந்த வீல்செட் (முன், பின் ரெண்டு வீலும்) 2 கிலோவுக்கு மேல. ஓட்டுற ஆள் 78 கிலோ. பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால்தான் ஓட்டம். 50 மி.மீ. ஆழமான கார்பன் ரிம் எடுக்கலாமா, நல்ல அலுமினியமே போதுமா? ஓட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க.

தஞ்சாவூர்
முதல்ல எடைக் கணக்கை விடுங்க தம்பி. ஆள், வண்டி, தண்ணி பாட்டில் எல்லாம் சேர்த்தா 88 கிலோ. வீல்ல 400 கிராம் குறைச்சா அது அரை சதவீதம்கூட வராது. ஏற்காடு ஏறுறவங்களுக்கு அது கணக்கு. நமக்கு ஏத்தம்னா கொள்ளிடம் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான்.

இங்க பார்க்க வேண்டியது ரிம்மோட உள் அகலம். பழைய ரிம் 15, 17 மி.மீ. இருக்கும். 19 இல்ல 21 எடுங்க. 28 மி.மீ. டயர் போட்டு காத்தை 70-75 பிஎஸ்ஐ-க்கு இறக்கினா, ஒட்டுப்போட்ட ரோட்டுல வர்ற அதிர்வு பாதி அடங்கும். ஆனா 21 மி.மீ. ரிம்ல 28 டயர் 29, 30-க்கு விரியும். பழைய ரிம் பிரேக் ஃபிரேம்ல அது இடிக்கலாம். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இப்ப இருக்கிற டயருக்கும் பிரேக் ஆர்முக்கும் நடுவுல ஆலன் கீ (ஆறு மூலைச் சாவி) விட்டுப் பாருங்க. புது டயர் எவ்வளவு பருக்குமோ அதைக் கழிச்சும் 4 மி.மீ. கீ தாராளமா நுழையணும். ஃபோர்க், பின் வீலுக்கு ரெண்டு பக்கமும் வர்ற ஃபிரேம் குழாய் (செயின் ஸ்டே) ரெண்டுலயும் இதே சோதனை. 2 மி.மீ. போதும்னு கடையில சொல்வாங்க. சம்பா அறுவடையில ரோட்டுல கிடக்கிற வைக்கோலும், டிராக்டர் இழுத்துப் போட்ட களிமண்ணும் அந்த 2 மி.மீட்டர்ல போய் அடைச்சுக்கும்.

திருவாரூர்
50 மி.மீ. ஆழம் (டயர்லேருந்து ஹப் பக்கமா ரிம் இறங்குற அளவு): ஆடிக் காத்து மேற்கேருந்து அடிக்கும். பூம்புகார் போறப்ப முதுகுல தள்ளும், திரும்புறப்ப நெஞ்சுல அடிக்கும். ரெண்டுலயும் ஆழமான ரிம்மால தொந்தரவு இல்ல. தரங்கம்பாடி–காரைக்கால் சாலை வடக்கு தெற்கு. அங்க காத்து பக்கவாட்டுல வரும். வீடும் மரமும் மறைக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. வயல்வெளி திறந்ததும் முன் வீல் ஒரு முழம் தள்ளிப் போகும், எதிர்ல பஸ் வரும். முன்னாடி 30-35 போதும்.

திருச்சி
பின்னாடி 50 போடலாமே? ஹேண்டிலைத் திருப்புறது முன் ரிம்மோட ஆழம்தான். முன் 35, பின் 50 ஜோடியாவே விக்கிறாங்க.

திருவாரூர்
போடலாம் அண்ணே. ஆனா ரிம் பிரேக்குக்குக் கார்பனே வேண்டாம்கிறது என் கட்சி. ஐப்பசி மழையில ஈர ரிம்ல பேட் கடிக்கவே நேரமாகும், அதுக்குன்னு தனி பேட் வேற வாங்கணும். அலுமினிய ரிம் ஈரத்துலயும் சீக்கிரம் நிக்கும்.

நாகப்பட்டினம்
கடற்கரைப் பக்கம் ஓட்டுபவர்கள் நிப்பிளை (ஸ்போக் கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டு) கேட்டு வாங்குங்கள். எடை குறைக்க அலுமினிய நிப்பிள் போட்டு விற்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் கம்பியோடு அலுமினியம் ஒட்டி, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். முதலில் நிப்பிளைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரியும். அப்புறம் கோட்டம் எடுக்க ஸ்போக் கீ வைத்துத் திருப்பினால் தலை நொறுங்கிக் கையோடு வரும். பித்தளை நிப்பிள் போட்டால் முழு செட்டுக்கும் சில பத்து கிராம்தான் கூடும். ரிம்முக்குள் மறைந்திருக்கும் நிப்பிள் வேண்டவே வேண்டாம். கால் திருகு கோட்டம் எடுக்கவும் டயரையும் ரிம் டேப்பையும் கழற்ற வேண்டிவரும்.

வேதாரண்யம் உப்பளப் பக்கம் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீர் ஊற்றித் துடைக்கவும். பிரஷர் வாஷ் கூடாது, ஹப் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும். காய்ந்ததும் ஒவ்வொரு நிப்பிள் அடியிலும் ஒரு சொட்டு எண்ணெய். ரிம்மில் பிரேக் படும் இடத்தில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

திருச்சி
ஹப் (வீலோட நடுப்பகுதி) விஷயம். முழுசா கழட்டி மாத்துற சீல்டு கார்ட்ரிட்ஜ் பேரிங்கா, தனி பால்ஸைக் கோன் இறுக்கிப் பிடிக்கிறதான்னு கேளுங்க. கார்ட்ரிட்ஜ்னா நம்பரைக் குறிச்சு வெச்சுக்குங்க. 6902-ன்னா 15×28×7, 6802-ன்னா 15×24×5 (உள் விட்டம், வெளி விட்டம், அகலம், மி.மீ.ல). பொது பேரிங் கடையிலயே கிடைக்கும். கடைசியில 2ஆர்எஸ் போட்டிருக்கணும், அதான் ரெண்டு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் தகட்டு மூடி மழைக்குத் தாங்காது. ஷிமானோ ஹப்ல கோன்தான். மழைக்காலம் முடிஞ்சதும் பிரிச்சு, பால்ஸைத் துடைச்சு, புது கிரீஸ் வெச்சா பல வருஷம் ஓடும். விட்டுட்டா கோன்ல குழி விழும். குழி விழுந்த கோனை எப்படி இறுக்கினாலும் ஒண்ணு ஆட்டம் இருக்கும், இல்ல சொரசொரக்கும்.

மாட்டுறப்ப கவனிக்க வேண்டியது: 11 கியர் பாடியில (ஹப்ல கேசட் ஏறுற உருளை) பழைய 8, 9, 10 கியர் கேசட் (பல்சக்கர அடுக்கு) போட்டா அடியில 1.85 மி.மீ. வாஷர் வரணும். மறந்தா லாக்ரிங் (கேசட்டைப் பூட்டுற வளையம்) முழுசா இறுகும், கேசட் மட்டும் ஆடும். உங்களுக்கு 11-தான், அது தேவையில்ல. பாடி அலுமினியமா இருந்தா தனித்தனிப் பல்லு அதுல வரிவரியா வெட்டி, பின்னாடி கேசட்டைக் கழட்டவே விடாது. மெல்லிசா கிரீஸ் பூசி, லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்க. அப்புறம் டிரெயிலியரோட (செயினைக் கியர் மாத்துற கருவி) லிமிட் ஸ்குரூவையும் கியர் கேபிளையும் மறுபடி செட் பண்ணணும். ஹப்புக்கு ஹப் கேசட் இருக்கிற இடம் கொஞ்சம் மாறும். அப்படியே ஓட்டினா செயின் கேசட்டைத் தாண்டி கம்பிக்குள்ள விழலாம். ரிம் அகலமாயிடும்கிறதால பிரேக் கேபிளையும் தளர்த்தி, பேட் டயரை உரசாம இறக்கி வைங்க.

78 கிலோவுக்கு முன் 24, பின் 28 கம்பி நிம்மதி. பின் வீல் வலப்பக்கம் ஒவ்வொரு கம்பியிலயும் 100-120 கிலோ இழுவிசை, இடப்பக்கம் ஏறக்குறைய அதுல பாதி. புது வீலை 200, 300 கி.மீ. ஓட்டினதும் ஒரு தடவை கோட்டம் பார்த்துடுங்க.

கும்பகோணம்
முள்ளை யாருமே சொல்லலையே! ஆத்தங்கரை, வாய்க்கால் கரைன்னா சீமைக் கருவேலம் இருக்கும். டியூப்லெஸ் போடுற மாதிரி ரிம்மா எடுங்க. 28 டயருக்கு 30-40 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்). நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல காய்ஞ்சிடும், அப்பப்ப ஊத்தணும். ரிம் டேப் ரிம்மோட உள் அகலத்தைவிட 2, 3 மி.மீ. கூட இருக்கட்டும். 35 ஆழத்துக்கு 60 மி.மீ. வால்வ்.

டிஸ்க் பிரேக் வண்டிக்கு இதைப் படிக்கிறவங்க ஹூக்லெஸ் ரிம்மான்னு (டயர் ஓரத்தைப் பிடிக்கிற கொக்கி விளிம்பு இல்லாதது) பாருங்க. அதுல 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐ-தான் உச்சம். காலையில 25 டிகிரியில 70 வெச்சு, வண்டியை மூடின காருக்குள்ள போட்டா, 50 டிகிரியில 77 ஆயிடும்.

தஞ்சாவூர்
கம்பி வளைஞ்ச தலையா, நேர்த்தலையான்னும் கேளுங்க. வளைஞ்ச தலைக்கு நீளம் சொன்னா எங்கேயும் வாங்கலாம். நேர்த்தலை, அதுலயும் தட்டைக் கம்பின்னா ஆர்டர் போட்டுக் காத்திருக்கணும். முன், பின் வலது, பின் இடது மூணும் நீளம் மாறும். வீலோட சேர்த்தே ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கம்பி, நிப்பிளோட வாங்கிடுங்க.