ரொட்டவேட்டர் பிடிஓ ஷாஃப்ட் உதறுகிறது, கிராஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது

மேலூர்_வயல்:
45 எச்பி, மூன்று சிலிண்டர் டிராக்டர், ஆறடி ரொட்டவேட்டர். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டதும் தொழி ஓட்ட ஆரம்பித்தோம். அதற்குமுன் பட்டறையில் பிடிஓ ஷாஃப்ட்டை (டிராக்டரின் சுழற்சியை ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் தண்டு) கழற்றி, கிரீஸ் வைத்து மாட்டிக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து சீட்டுக்கு அடியில் ஒரே அதிர்வு. ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கூட்டல்குறி மாதிரியான கிராஸைப் புதிதாகப் போட்டும் அதே கதைதான். கழற்றினால் கப்புக்குள் ஊசி பேரிங் பொடிப்பொடியாகக் கிடக்கிறது, கிராஸ் காலில் ஊசி பதிந்து வரிவரியாகத் தடம். கிராஸ் மட்டமா, இல்லை கியர்பாக்ஸைப் பிரிக்கணுமா? நடவு நெருங்குகிறது அண்ணே.

வாடிப்பட்டி_பட்டறை:
கியர்பாக்ஸைத் தொடாதீர்கள் தம்பி. ஷாஃப்ட்டைக் கழற்றித் தரையில் கிடத்துங்கள். குழாயோடு சேர்ந்திருக்கிற இரண்டு யோக்கின் (கிராஸைப் பிடிக்கும் கவை) காதுகளும் ஒரே வாட்டத்தில் இருக்கணும். சதுரக் குழாய் என்றால் கால் சுற்று தள்ளியும் உள்ளே போய்விடும், மாட்டும்போது யாரும் கவனிப்பதில்லை. கிராஸ் ஜாயிண்ட் சாய்ந்து சுற்றும்போது இந்தப் பக்கம் சீரான வேகத்தில் போனாலும், அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். 30 டிகிரி சாய்வில் சுமார் 15 சதவீதம் கூடும், 13 சதவீதம் குறையும். பிடிஓ 540 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 9 சுற்று, ஆக நொடிக்கு 18 தடவை ஷாஃப்ட் முறுக்கு வாங்குகிறது, ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து விடுகிற மாதிரி. முன் ஜாயிண்ட் செய்யும் கோளாறைப் பின் ஜாயிண்ட் சரிக்கட்டத்தான் இரண்டு வைத்திருக்கிறார்கள். யோக் கால் சுற்று மாறினால் இரண்டு கோளாறும் ஒன்றுசேர்ந்துவிடும், அப்புறம் எந்தக் கிராஸ் போட்டாலும் நிற்காது.

யோக் சரியாக இருந்தாலும் இரண்டு பக்கச் சாய்வும் சமமாக இருக்கணும். ரொட்டவேட்டரை உழும் ஆழத்தில் இறக்கி, டிராக்டர் பிடிஓ தண்டும் ரொட்டவேட்டர் கியர்பாக்ஸ் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக வரும்வரை டாப் லிங்க்கை (ரொட்டவேட்டரின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் கம்பி) திருகுங்கள்.

திருமங்கலம்_கரிசல்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. வரப்புத் தாண்டும்போதும் திருப்பும்போதும் பிடிஓவை நிறுத்தாமலேயே முழுசாகத் தூக்குகிற பழக்கம் நம் பக்கம் டிரைவர்களிடம் நிறைய. அப்போது சாய்வு எகிறும், கிராஸ் அங்கேதான் சாகிறது. ஆர்பிஎம்மை ரொம்பக் குறைத்து இன்ஜினைத் திணறவும் விடாதீர்கள். மூன்று சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு மூன்று வெடிப்புதான், மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனி உதையாக கிளட்ச் ஸ்பிரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் போகும்.

மேலூர்_வயல்:
கால் சுற்று தள்ளித்தான் மாட்டியிருந்தார்கள். திருப்பிப் போட்டதும் உதறல் அடங்கிவிட்டது. ஆனால் கல்லில் அடித்தால் இன்னும் 'டங்'கென்று நிற்கிறது, பாரம் மிஞ்சினால் வழுக்க வேண்டிய ஸ்லிப் கிளட்ச் வழுக்கவே இல்லை.

வாடிப்பட்டி_பட்டறை:
மழையில் கிடந்து பிளேட் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, சில நொடி பிடிஓ போட்டு வழுக்க விடுங்கள். பிறகு ஸ்பிரிங் உயரம் பழையபடி வரும் அளவுக்கு எல்லா நட்டையும் ஒரே சீராக முடுக்குங்கள், இறுக்கிப் பூட்டிவிட்டால் அடுத்து உடைவது கியர்தான். நட்டைத் தொடும்போது இன்ஜின் அணைந்து சாவி உங்கள் பையில் இருக்கணும். ஓடும்போது வேட்டி, துண்டோடு யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், ஷாஃப்ட் மேலே பிளாஸ்டிக் உறை இல்லையென்றால் முதலில் அதை வாங்கி மாட்டுங்கள்.