புதுப்பிப்பு: எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்கு பிஐடி (சூட்டை நிலையாக வைக்கும் கட்டுப்பாட்டு முறை) போட்டாயிற்று

ஒற்றை பாய்லர் மெஷின், உள்ளே சூட்டை நிலையாக வைக்காத சாதாரண பைமெட்டல் தெர்மோஸ்டாட், அதனால் ஒரு ஷாட் புளிக்கிறது, அடுத்தது கசக்கிறது. இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர்) வைத்து, ஹோம் அசிஸ்டண்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளோடு இணைக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இணைத்துவிட்டேன்.

சூட்டை அளக்க கே-டைப் தெர்மோகப்பிள், அதைப் படிக்க மேக்ஸ்31855 போர்டு, ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்ய ஒரு எஸ்எஸ்ஆர் (எலக்ட்ரானிக் ரிலே). இஎஸ்பி32-ல் ஓடும் இஎஸ்பிஹோம் மென்பொருளிலேயே பிஐடி இருக்கிறது. பிஐடி அளவுகளைத் தானே கண்டுபிடிக்கும் ஆட்டோடியூன் தந்த எண்களை அப்படியே போட்டேன். இரண்டு நாள் வெப்பநிலை 6 டிகிரி ஏறி இறங்கியது. கோடில் தேடு தேடென்று தேடினேன். கடைசியில் பார்த்தால் சென்சார் பாய்லரோடு சரியாக ஒட்டவே இல்லை! தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்கி, மறுபடி ஆட்டோடியூன் ஓட்டியபின் ஒரு டிகிரிக்குள் நிற்கிறது.

காபிக்கு வேண்டிய 93 டிகிரியையே பாய்லரில் வைத்தால் போதாது, தண்ணீர் தூளைச் சேர்வதற்குள் சூடு குறைந்துவிடும். என் மெஷினில் 103 சரியாக வருகிறது.

எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், ஹீட்டர் அணையாது. அதனால் சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பழைய தெர்மல் ஃபியூஸைத் தொடவில்லை, நீங்களும் கழற்றாதீர்கள். கணக்கெல்லாம் இஎஸ்பி32-க்குள்ளேயே நடப்பதால் வைஃபை போனாலும் கவலையில்லை.

காலை 5:40-க்குத் தானாக ஆன் ஆகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் இரவே பார்த்துவிட்டுப் படுக்கிறேன். அதற்கு ஒரு சென்சார் இன்னும் பாக்கி.