ஸ்ட்ரோபிலேஷன்: பிளப்பதா, துணிப்பதா, வனைவதா?

காட்பாடியிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு கையேடு, வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. கடலில் வாழும் முதுகெலும்பற்றவை பாலிலி முறையில் பெருகுவது பற்றியது. அரும்புதல், துண்டாதலில் சிக்கல் இல்லை. கடல் சாமந்தி என்ற விலங்கு நகரும்போது அடித்தட்டின் துணுக்குகளை விட்டுப் போகும், அவை குட்டிச் சாமந்திகளாகும். அதற்கு 'அடித்துணுக்கு முறை' என்று போட்டுவிட்டேன்.

ஸ்ட்ரோபிலேஷனுக்குத் தமிழ்ச்சொல்தான் இடிக்கிறது. நிலாச் சொறி என்ற ஜெல்லிமீனின் பாலிப், அதாவது ஒட்டி வாழும் பருவம், சில மில்லிமீட்டர் உயரம்தான். பாறையில் ஒட்டியபடியே உடம்பு குறுக்கே வரிவரியாக இறுகி, தட்டுகளை அடுக்கினாற்போல் ஆகும். மேல்தட்டு முதலில் கழன்று நீந்திப் போகும், அப்புறம் அடுத்தது. அடியில் மிஞ்சும் கட்டை மறுபடி பாலிப் ஆகிவிடும். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை ஒரே சொல்லில் காட்ட வேண்டும். 'அடுக்குப்பிளவு' சரிப்படுமா?

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, பிளப்பது நெடுக்கே. விறகைப் பிளக்கிறோம், கரும்பைப் பிளக்கிறோமா? குறுக்கே என்றால் துணித்தல், அறுத்தல். கிரேக்கத்தில் மூலச்சொல்லுக்குப் பைன் காய் என்று பொருள். அது நமக்கு எதற்கு? மண்பாண்டம் வனையும் கரிகிரிக்குப் போய்ப் பாருங்கள். சக்கரத்தில் ஒரே மண் குவியல். உச்சியில் ஓர் அகலை வனைந்து நூலால் அறுத்து எடுப்பார்கள், அதன்கீழ் அடுத்த அகல். உங்கள் சொறி செய்வது அதைத்தான். 'வனைந்தறுத்தல்' என்பேன்.

கழன்று போகும் குட்டியை 'எஃபைரா' என்று விட்டுவிடாதீர்கள். தொல்காப்பிய மரபியல் பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பும் பிள்ளையும் சொல்லி, தவழ்பவற்றுக்கும் அதுவே என்கிறது. 'சொறிப்பார்ப்பு' என்று எழுதுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஐயா கோபிக்கக் கூடாது. எஃபைரா தவழ்வதில்லை, நீந்துகிறது. நூற்பா எப்படிப் பொருந்தும்? 'வனைந்தறுத்தல்' கேட்க அழகுதான், ஆனால் தேர்வில் பாதிப் பிள்ளைகள் 'வளைந்தறுத்தல்' என்று எழுதுவார்கள், திருத்துகிறவரும் சரி போட்டுவிடுவார். தவிர, குயவர் ஒன்றை எடுத்த பிறகுதான் அடுத்ததை வனைகிறார். இங்கே பல தட்டுகள் ஒரே நேரத்தில் அடுக்காக நிற்கின்றன. இட்லித் தட்டுதான் கிட்டே வருகிறது.

பாரமீசியம் குறுக்கே பிரிவதையும் கிடைமட்டப் பிளவு என்றுதானே படிக்கிறார்கள்? பழகிய சொல் இருக்கட்டும். மூலத்தை ரொம்பவும் தொழ வேண்டாம். நார்வேயின் விலங்கியலாளர் மைக்கேல் சார்ஸ் 1829இல் இந்த அடுக்கைத் தனி விலங்கு என்று எண்ணித்தான் ஸ்ட்ரோபிலா என்று பெயரே வைத்தார்.

குடியாத்தத்திலிருந்து:

சார்ஸ் பிழை செய்தார் என்றால் நாமும் செய்ய வேண்டுமா, அம்மா? நாடாப்புழுவின் கண்டத் தொடரையும் ஸ்ட்ரோபிலா என்கிறார்கள். அது பாலிலிப் பெருக்கமே இல்லை. அங்கே எதைப் பிளப்பீர்கள்? வனைதல் வேண்டாமென்றால் 'அடுக்குத்துணிப்பு' என்றாவது போடுங்கள்.

காட்பாடியிலிருந்து:

நேற்று வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். துணிப்பு என்றதும் பின்பெஞ்சிலிருந்து "துணிக்கடையா சார்?" என்று குரல் வந்தது. நம் மடற்குழுவில் இரண்டு பேர் பிளவுக்கு, ஐயா ஒருவர் துணிப்புக்கு. மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. அடுக்குப்பிளவு என்றே அனுப்பிவிட்டேன். கரிகிரி அகல் மட்டும் விளக்கப் பத்தியில் இருக்கிறது, ஐயா. எஃபைரா எஃபைராவாகவே போகிறது.

குடியாத்தத்திலிருந்து:

அகலுக்கு நன்றி. நீந்துவதற்குத் தனி இளமைப்பெயர் இல்லாத குறைக்கு எஃபைராவா? மீன்குஞ்சு என்று ஊரே சொல்கிறது. 'சொறிக்குஞ்சு' பற்றித் தனி மடல் போடுகிறேன்.