துருவச் சூழலியலில் முதுமாணி: மட்டக்களப்பிலிருந்து வழி உண்டா?

வினா (வந்தாறுமூலை): கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்று, வாவியின் அடிப்படிவுகளை ஆய்வு செய்தவள் நான். பனியையே கண்டிராத என்னைத் துருவச் சூழலியல் முதுமாணிக்கு எடுப்பார்களா?

பதில் 1 (கல்முனை): தயங்காமல் விண்ணப்பியுங்கள், தங்கச்சி. கோடையில் நிரந்தர உறைமண்ணின் மேற்படை உருகும்போது சேதனப் பொருள் சிதைந்து மெதேனும் காபனீரொட்சைட்டும் வெளியேறுவதை அளப்பவர்களுக்கு, சேற்றில் குழாய் இறக்கி மாதிரி எடுத்து, அதைப் படை படையாக வெட்டிப் பழகிய கை மிகவும் பயன்படும். குளிராடையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பதில் 2 (மட்டக்களப்பு): வடதுருவப் பகுதியில் நோர்வேக்குரிய தீவுக்கூட்டமான சுவால்பார்டிலுள்ள பல்கலைக்கழக நிலையம் தானே பட்டம் வழங்குவதில்லை, வேறு பல்கலைக்கழகங்களில் பதிந்தவர்களே அங்கு பயில்கிறார்கள். 2023 முதல் நோர்வேயின் அரச பல்கலைக்கழகங்கள் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் அறவிடுவதால், ஆய்வு உதவியாளர் பணியுடன் இடம் தரக்கூடிய அலாஸ்கா, கனடாப் பேராசிரியர்களுக்கு முதலில் எழுதுவதே புத்தி.

வினவியவர்: நன்றி, அண்ணா. வெண்கரடிகளுக்காகச் சுவால்பார்டில் துப்பாக்கிப் பயிற்சியும் உண்டாமே?

பதில் 2: உண்டு. அதை இப்போதைக்கு அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.